அம்மா ஏன் கிளினிக் போவதில்லை?

மலையகத் தோட்டப் பெண்களின் உடல்நலமும் ஒரு மாணவியின் கேள்வியும்

சில வருடங்களுக்கு முன், பத்தாம் தரத்துப் பிள்ளைகளிடம் பேச்சுப் பயிற்சிக்காக விரும்பிய தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். வழக்கம்போல் தாய்மொழியின் சிறப்பு, சுற்றாடல் பாதுகாப்பு, போதைப்பொருள் ஒழிப்பு என்று வந்து சேர்ந்தன. ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையின் தாளில் மட்டும் "எங்க அம்மா ஏன் கிளினிக் போறதில்ல?" என்று இருந்தது.

வாசித்துவிட்டு நான் சொன்னது இதுதான்: "மகள், இதெல்லாம் எப்படி மேடையில பேசுற? வேற தலைப்பு ஒன்டு எடுங்க."

"அப்ப எங்க டீச்சர் பேசுறது?" என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவள் சுற்றாடல் பற்றி எழுதிப் பேசினாள், மூன்றாமிடமும் வந்தது. முதல் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் நான்கு காரணங்களை இலக்கமிட்டு எழுதியிருந்தாள். ஒன்று, போனால் பேர் போய்விடும். இரண்டு, கிளினிக் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத்தான் என்று அம்மா நினைக்கிறாள். மூன்று, துண்டில் எழுதியிருப்பது விளங்குவதில்லை. நான்கு, வெட்கம்.

ஒரு பக்கத் தாளில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எழுதிய இந்த நான்கு காரணங்களுக்கும் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரை.

பேர் போகும் கணக்கு

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2021இல் ஒரு பேரின் பெறுமதி 1000 ரூபாவானது. 2024இல் 1350 ரூபாவானது. அந்த ஆயிரத்துக்காகத் தொழிலாளர்கள் எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பதைப் பத்திரிகை வாசிப்பவர்கள் அறிவார்கள். இன்னொரு செய்தி பலருக்கும் தெரியாது. ஒரே தோட்டத்தில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984இல் தான். அதுவரை கொழுந்தெடுத்து ஏற்றுமதிக்கு உயிர்கொடுத்த பெண்ணின் கூலி ஆணின் கூலியை விடக் குறைவு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நம் நாட்டின் பெருமை அது. ஆனால் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வர ஓட்டோ, அங்கிருந்து பஸ், வரிசையில் அரை நாள், திரும்பி வர மறுபடி பஸ்ஸும் ஓட்டோவும். அன்றைய பேரும் இல்லை. இலவச வைத்தியத்துக்கு ஒரு பெண் கொடுக்கும் விலை ஒரு நாள் சம்பளமும் பயணச் செலவும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் வேறு வழியின்றிப் போவாள். 'கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு' என்பதற்கெல்லாம் போகமாட்டாள். பெண்களின் நோய்கள் பெரும்பாலும் 'ஒரு மாதிரி'யாகத்தான் தொடங்குகின்றன.

2017இல் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் 150 கட்டில் கொண்ட கட்டடம் இந்திய உதவியில் வந்தது. நல்ல விடயம். ஆனால் கட்டடம் கிட்ட வந்தாலும் பேர் போகும் கணக்கு மாறுவதில்லை.

தாயாக மட்டும் எண்ணப்பட்டவள்

இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிளினிக் பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் என்று அந்த அம்மா நினைப்பது அறியாமையினாலா? இல்லை. அவளுடைய அனுபவம் அப்படி.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பருவ வேலை முடியத் திரும்பிவிடுவார்கள். 1869இல் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். அப்போதுதான் குடும்பத்தோடு ஆட்களைக் கொண்டுவந்து லயங்களில் குடியேற்றும் முறை வலுப்பட்டது. பெண் இந்தத் தொழிலின் அச்சாணியானாள்.

அவளுடைய உடல்நலம் சட்டத்தின் கண்ணில் எப்படிப் பட்டது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரையின் கடமைகளைப் பட்டியலிட்டது. பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேலைக்கு அழைக்கக் கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் போஷாக்கு கொடுக்க வேண்டும் என்றது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளை மடுவங்கள் வந்தன. இவையெல்லாம் வேண்டியவை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: பெண் தாயாகும்போது மட்டும் சட்டம் அவளைக் காண்கிறது. அதற்கு முந்திய வயதும் பிந்திய வயதும் அதில் இல்லை.

நாட்டின் மற்றப் பகுதிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுவை உருவாக்கியது. கிராமத்துத் தாய்மார் இலங்கையில் பிரசவத்தில் இறப்பது குறைந்ததற்கு இந்த 'மிட்வைஃப் மிஸ்ஸி'யே பெரிய காரணம். தோட்டம் நெடுங்காலம் அந்த வலைக்கு வெளியே, நிர்வாகத்தின் பொறுப்பில் கிடந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சமூகத்துக்கு அரசிடம் உரிமையோடு கேட்கும் வாயும் இருக்கவில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கியது; இன்னும் முழுமையாகவில்லை. பல இடங்களில் தோட்ட வைத்தியரும் ஒரு மருந்து அறையும்தான் முதல் வாசல்.

இதன் விளைவு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். குட்டையாக வளரும் பிள்ளையின் கதை பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே, சில வேளை அந்தத் தாய் சிறுமியாக இருந்த காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இரத்தம் எங்கே போகிறது?

தோட்டப் பெண்களின் 'ஒரு மாதிரி'க்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இரத்தச்சோகை. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1916இலேயே றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் இந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். மருந்து கொடுத்தால் புழு போகும். கழிவறை இல்லாவிட்டால் மறுபடி வரும். அந்தப் பாடம் அன்றே தெரிந்துவிட்டது.

புழுவை விட்டாலும் இரத்தம் குறைய வேறு காரணங்கள் உண்டு. மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்புச்சத்து வெளியேறுகிறது. அடுத்தடுத்த பிரசவம் இன்னும் எடுக்கிறது. சாப்பாட்டில் ரொட்டியும் சம்பலும் கூடுதல். இறைச்சி, மீன், கீரை குறைவு. இதற்கு மேல் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பழக்கம்: சாப்பாட்டோடு ஒரு பிளேன்டீ. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து, அது உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வேலை வீண்.

பரிகாரம் எளிது, செலவும் இல்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். மாத்திரையைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கீரை, பருப்பு, நெத்தலியோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி அல்லது ஒரு கொய்யாப்பழம் சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் மலையில் இந்தச் சின்னத் தகவலை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. மாணவர்கள் சொல்லலாம். விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை வீட்டில் அம்மாவிடம் சொல்வதும் சுகாதாரப் பணிதான்.

கேட்காமல் கிடக்கும் சேவைகள்

அந்த அம்மாவுக்குத் தெரியாத இன்னொன்று: பிள்ளைத்தாய்ச்சி அல்லாத பெண்களுக்கும் கிளினிக் இருக்கிறது. 1996இலிருந்து நடக்கும் 'சுவநாரி' கிளினிக்கில் 35 வயதைக் கடந்த பெண்களின் இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் செய்வார்கள். அந்தப் புற்றுநோய் வருமுன்பே ஏற்படும் மாற்றங்கள் பரிசோதனையில் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் குணப்படுத்தலாம். 2017இலிருந்து ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசியும் பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வகுப்பாசிரியர் கையால்தான் பெற்றோருக்குப் போகும். அதில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொல்லாவிட்டால், பயத்தில் 'வேண்டாம்' என்று கையெழுத்திட்டு வரும் பெற்றோரும் உண்டு.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், இல்லை. 35 வயதான பின்னும் இரண்டு வருடம் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டேன். பேர் போகும் பயம் எனக்கில்லை, மாதச் சம்பளக்காரி. என்னைத் தடுத்தது வெட்கம் மட்டும்தான். பேரும் பஸ் காசும் மொழியும் சேர்ந்து தடுக்கும் ஒருத்தியைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

மொழி என்றதும் மூன்றாவது காரணம். தமிழர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்திலேயே தமிழ் பேசத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் போதாது. கர்ப்பப்பை, வெள்ளைபடுதல் போன்றவற்றை அறியாத மொழியில், அதுவும் தெரியாத ஒருவரிடம், யாரால் சொல்ல முடியும்? பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகும் தாய்மார் இருக்கிறார்கள். ஆண் பிள்ளை என்றால் பாதியை மறைத்துத்தான் சொல்வார்கள். உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஒன்றரை வருடப் பயிற்சியோடு இந்த உத்தியோகத்துக்குப் போகலாம். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதும் ஆசிரியர்களின் வேலை.

வெட்கம்

நான்காவது காரணத்துக்கு வருவோம். மேல்வகுப்பு வரவு இடாப்பை உற்றுப் பார்க்கும் ஆசிரியைக்குத் தெரியும், சில பெண் பிள்ளைகள் மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் வரமாட்டார்கள். காரணம் கேட்டால் 'வயித்து வலி டீச்சர்'. மலையில் கொழுந்தெடுக்கும் அவர்களின் தாய்மார் வீட்டிலும் இருக்க முடியாது. பெரும்பாலான மலைகளில் கழிவறை இல்லை. துணி மாற்ற இடமில்லை. ஒதுங்க வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். லயத்து அறையில் துணியைக் காயப்போட மறைவிடம் இல்லை. வெயில் படாத மூலையில் அரைகுறையாகக் காய்ந்த துணியும் தொற்றைத் தரும். அணையாடை வாங்கலாம் என்றால், 2018 வரை இறக்குமதி அணையாடைக்கான வரிகள் 100 வீதத்தைத் தாண்டியிருந்தன. பிறகு குறைந்தாலும் பொருளாதார நெருக்கடி விலையை மறுபடி ஏற்றிவிட்டது. 2024இல் கஷ்டப் பிரதேச, தோட்டப்புறப் பாடசாலை மாணவிகளுக்கு 1200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்க அரசு முன்வந்தது. வெட்கப்பட்டு எவரும் பேசாமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியர் கற்பியலில் 'பூப்பு' என்ற அழகான சொல்லைக் கூச்சமின்றி ஆள்கிறார். பின்னால் வந்த நாம் அதைத் 'தூரம்', 'தீட்டு' என்றாக்கினோம். நம்மவர் வீடுகளில் 'தொழுகை இல்லை' என்போம். ஆனால் நம் மத்ரஸாக்களில் ஹைளு, நிஃபாஸ் சட்டங்கள் பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. மார்க்கச் சட்டம் கற்கும் எந்தப் பெண்ணும் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போக முடியாது. நபிகளாரிடமே பெண்கள் நேரில் வந்து இதுபற்றிக் கேட்டுத் தெளிந்ததை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. மதீனாப் பள்ளியில் கூடாரம் அமைத்துக் காயப்பட்டோருக்கு மருத்துவம் பார்த்த ருஃபைதா (ரழி) அவர்களை சீறா நூல்கள் சொல்கின்றன. அப்படியிருந்தும் ரமழானில் நோன்பில்லாத நாளிலும் தம்பிமாருக்குத் தெரியக்கூடாதென்று ஸஹருக்கு எழும்பி உட்காரும் பெண் பிள்ளைகள் எத்தனை வீட்டில்! இந்த ஒளிப்பு மார்க்கத்திலிருந்து வந்ததல்ல, ஊர்ப் பழக்கம்.

வெட்கத்தின் விலை என்னவென்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய சம்பவம் உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் இருந்தார். அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தவர். அமெரிக்காவில் படிப்பை முடித்து, சுகமில்லாத தாயைப் பார்க்க வந்திருந்தார்; இங்கே தங்கும் எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குல இந்து. 'எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அந்த ஒரு இரவு அவரை மறுபடி மாணவியாக்கியது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. தென்னிந்தியப் பெண்களின் நிலையைச் சொல்லிச் சொல்லி உதவி கேட்டார். 1899இல் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரி கட்டப் பணத்தோடு திரும்பினார். 1902இல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது. 1918இல் பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் பள்ளியும் தொடங்கினார். இலங்கையிலிருந்தும் நோயாளர் தேடிப் போகும் இன்றைய வேலூர் சி.எம்.சி. அதன் வளர்ச்சிதான்.

நம் காலத்திலும் ஒரு மாணவி உண்டு. கேரளப் பூர்வீகம் கொண்ட அமிக்கா ஜோர்ஜ், 2017இல் லண்டனில் பதினேழு வயதுப் பாடசாலை மாணவி. அணையாடை வாங்க முடியாமல் பாடசாலைக்கு வராத பிள்ளைகள் இங்கிலாந்திலும் இருப்பதை அறிந்து கையெழுத்து வேட்டை தொடங்கினார். அந்த வருட டிசம்பரில் பிரதமர் வாசஸ்தலம் முன்பாக இளையோர் பலர் கூடினார்கள். 2020 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் அணையாடை இலவசமாயிற்று. அதே வருடம் ஸ்கொட்லாந்து ஒரு படி மேலே போய், தேவைப்படும் எல்லோருக்கும் இலவசமென்று சட்டம் இயற்றியது.

நம்மால் ஆவது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு. கடன் கொப்பியில் பெயரெழுதிச் சாமான் கொடுத்த உறவு அது. அந்தக் கடைகளில் அணையாடையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முகம் பார்க்காமல் கொடுக்கிறோம். சீனியும் பருப்பும் கொடுப்பதுபோல் கொடுக்கலாமே. கொள்ளும் விலையோடு சிறு இலாபம் வைத்து விற்றால் அதுவும் ஸதகாவின் ஒரு வகைதான். நோன்புப் பெருநாளுக்கு உலருணவுப் பொதி கட்டும் சங்கங்கள், அக்கம்பக்கத்து லயங்களையும் நினைத்து ஒரு பொதியில் அணையாடையும் சேர்க்கலாம். தோட்ட நிர்வாகத்தோடும் தொழிற்சங்கத்தோடும் பேசக்கூடியவர்கள், வருடத்தில் ஒரு நாளாவது சுவநாரி கிளினிக்குக்குப் போகும் பெண்ணின் பேர் வெட்டப்படாமலிருக்கப் பேசலாம். இதில் நிர்வாகத்துக்குப் பெரிய நட்டமில்லை. சோகை தீர்ந்த கைதான் கூடக் கொழுந்தெடுக்கும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது, ஒரு பிள்ளை இப்படியொரு தலைப்போடு வந்தால் நான் செய்ததைச் செய்யாதீர்கள் என்பதுதான்.

அந்தத் தாளை ஒரு வருடம் கழித்துத்தான் இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பெண் பிள்ளைகளின் தாய்மாருக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். பேர் போகாத நாள் அது ஒன்றுதான். தமிழ் தெரிந்த ஒரு மிட்வைஃப் வந்தார். அவர் பேசுமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அன்று நான் திருப்பிக் கொடுக்காத தாளை அவள் கையில் கொடுத்தேன். நான்கு காரணங்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். நான்காவதை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்த அவளுடைய அம்மா எழும்பி மிட்வைஃபிடம் கேட்டார்: "மிஸ்ஸி, அந்தக் கிளினிக்கு என்னா கிழமைக்கு?"